ஐந்து வினாடி பம்பரும் கடன் வாங்கிய குரலும்

பம்பர் என்றதும் தமிழ்நாட்டில் இரண்டு விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, லாரிக்கு முன்னால் இருப்பது. இன்னொன்று, லாட்டரியில் வேறு யாருக்கோ விழுவது. (2003-ல் லாட்டரியைத் தடை செய்த பிறகும் அந்தச் சொல் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.) வானொலிக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு பம்பர் உண்டு. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னாலோ, பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவிலோ, நிலையத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நாலைந்து வினாடியில் ஓடி மறையும் சின்ன ஒலித்துண்டு. கொஞ்சம் குரல், கொஞ்சம் இசை, அவ்வளவுதான். ஜிங்கிள், ஸ்வீப்பர், ஸ்டேஷன் ஐடி என்று வகைக்கு ஒரு பெயர் இருந்தாலும் இங்கே எல்லாவற்றுக்கும் பம்பர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரிச் சமுதாய வானொலியில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்குக் கொடுக்க இதைவிட நல்ல முதல் வேலை கிடையாது. எழுத வேண்டும், பேச வேண்டும், ஒலிப்பதிவு செய்ய வேண்டும், இசையோடு கலக்க வேண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம், சீக்கிரமும் முடியும். ஆனால் நடப்பது என்ன? முதலில், வகுப்பிலேயே கட்டைக் குரல் உள்ள பையனைத் தேடிப் பிடிப்பார்கள். (வகுப்பில் பாதிப் பேர் பெண்களாக இருந்தாலும் இந்தத் தேடலில் அவர்கள் கணக்கில் வருவதில்லை.) அவன் குரலும் போதாது என்று மென்பொருளில் பிட்ச்சை இன்னும் கொஞ்சம் இறக்குவார்கள். மேலே எக்கோ. முன்னால் ஒரு "வ்வூஷ்", பின்னால் ஒரு "டமால்". அடியில் போன மாதம் வந்த படத்தின் பின்னணி இசை. நடுவில், ஹாலிவுட் டிரெய்லரில் உலகம் அழியப்போவதை அறிவிக்கும் தோரணையில், "நைன்ட்டி பாயின்ட் ஃபோர்ர்ர்...". கேட்டுவிட்டு எல்லோரும் கைதட்டுவார்கள். "டேய், அப்படியே பெரிய எஃப்.எம். மாதிரியே இருக்குடா!"

அந்த "அப்படியே மாதிரி"தான் பிரச்சினை.

ஐந்து வினாடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு நாலு தடவை, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒலிபரப்பு என்று வைத்துக்கொண்டால் தினம் 48 தடவை. வருஷத்துக்கு 17,520 தடவை. அந்த நிலையம் கஷ்டப்பட்டு எடுத்த எந்த நேர்காணலும், எந்த நாடகமும், எந்த விவசாயக் குறிப்பும் இத்தனை தடவை காற்றில் போகாது. நிலையத்தைப் பற்றி ஊர்க்காரர்கள் மனதில் என்ன பதிகிறதோ, அதில் பெரும்பங்கு இந்தத் துண்டினால்தான் பதிகிறது. அதில் பொய் சொன்னால் வருஷத்துக்கு 17,520 தடவை பொய் சொல்வதாகத்தான் அர்த்தம்.

இந்த வகைப் பம்பர்களின் மேல் உள்ள முதல் குற்றச்சாட்டு, அவற்றில் ஊர் இல்லை என்பது.

சமுதாய வானொலிகளுக்கு ஒதுக்கப்படுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில அலைவரிசைகள்தான். 90.4, 90.8, 107.8 என்று அதே எண்கள் திரும்பத் திரும்ப வரும். கிண்டியில் 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய அண்ணா எஃப்.எம்., 90.4. பாம்பனில் மீனவர்களுக்காக 2016-ல் தொடங்கப்பட்ட கடல் ஓசை, அதுவும் 90.4. இவற்றின் திறன் வழக்கமாக 100 வாட் அளவில்தான் இருக்கும், அலை சில கிலோமீட்டர் தாண்டாது. ஒன்று இன்னொன்றின் எல்லைக்குள் நுழையாது என்பதால்தான் ஒரே எண்ணைப் பல ஊர்களுக்குத் தர முடிகிறது. அப்படி இருக்கும்போது பம்பரில் எண்ணை மட்டும் உறுமினால் அது யாருடைய பெயர்? தெருப்பெயரைச் சொல்லாமல் "பத்தாம் நம்பர் வீடு" என்று மட்டும் முகவரி கொடுப்பது மாதிரிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், யாரைப் பார்த்துக் காப்பி அடிக்கிறார்களோ அவர்கள்கூட இப்படிச் செய்ய முடியாது. அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையமும் மணிக்கொரு தடவை தன் அழைப்பு எழுத்துகளைச் சொல்லி, அதை ஒட்டியே தான் உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சொல்லியாக வேண்டும் என்பது விதி. வானொலியை முழு வியாபாரமாக்கிய நாட்டிலேயே ஊர்ப்பெயர் கட்டாயம். இங்கே உள்ளவர்கள் அங்கிருந்து உறுமலை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு, குரல் இரவல் என்பது.

இந்த இரவல் வியாதி புதிதல்ல. 1951-ல் டல்லஸ் நகரத்தில் பில் மீக்ஸ் தொடங்கிய பாம்ஸ் என்ற நிறுவனம், வானொலி நிலையங்களின் பெயர்களைப் பாடகர் குழுவை வைத்துப் பாடிக் கொடுப்பதையே பெரிய தொழிலாக வளர்த்தது. மெட்டு ஒன்றுதான், நிலையத்தின் பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். 1964 டிசம்பரில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கரைக்கு அப்பால் ஒரு கப்பலில் இருந்துகொண்டு, பிரிட்டிஷ் உரிமம் எதுவும் இல்லாமல் ஒலிபரப்பத் தொடங்கிய ரேடியோ லண்டன், அந்த டல்லஸ் ஜிங்கிள்களைத்தான் போட்டது. 1967 ஆகஸ்டில் கடல் வானொலிகளுக்கு எதிரான சட்டம் வந்ததும் அது மூடப்பட்டது. அடுத்த மாதமே, செப்டம்பர் 30 அன்று, பி.பி.சி. தன் ரேடியோ 1-ஐத் தொடங்கியபோது அதற்கும் டல்லஸிலிருந்தே ஜிங்கிள் வந்து இறங்கியது! சட்டத்தை மீறிய கப்பலும் சரி, அரச சாசனம் வைத்திருந்த பி.பி.சி.யும் சரி, ஒரே கடையில் சரக்கு வாங்கியிருக்கின்றன. ஆனால் ஒன்று. அந்த நிறுவனம் மெட்டை எழுதி, ஆள் வைத்துப் பாடவைத்து விற்றது. பி.பி.சி. காசு கொடுத்து வாங்கியது. கல்லூரி ஸ்டூடியோவில் காசும் இல்லை, பாட்டும் இல்லை, பாவனை மட்டும்தான்.

உடனே ஒருவர் கேட்பார்: "வெளியிலிருந்து எதையுமே எடுக்கக்கூடாதா? ஆகாசவாணியின் அடையாள இசையே ஒரு வெள்ளைக்காரர் போட்டதுதானே?" உண்மைதான். 1930-களில் அந்த இசையை அமைத்தவராக அறியப்படும் வால்டர் காஃப்மன், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து 1934-ல் பம்பாய்க்கு வந்த யூத இசைஞர். ஆனால் அவர் ஐரோப்பிய வாத்திய கோஷ்டியை அப்படியே இறக்கிவிட்டுப் போகவில்லை. தம்புராவின் சுருதியை அடியில் வைத்து அதன் மேல் வயலினை நடக்கவிட்டார். சிவரஞ்சனி ராகத்தின் சாயல் அதில் உண்டு என்பார்கள். பின்னாளில் வடஇந்திய ராகங்களைப் பற்றி ஒன்று, தென்னிந்திய ராகங்களைப் பற்றி ஒன்று என்று இரண்டு பெரிய புத்தகங்களே எழுதியவர் அவர். அதாவது வெளியூர்க்காரர் ஒருவர் இந்த ஊரைக் காது கொடுத்துக் கேட்டார். இன்றைய பம்பர் தயாரிப்பாளர்கள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, வெளியூரை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தவர் என்பதல்ல கேள்வி. எதைக் கேட்டார் என்பதுதான்.

இன்னொரு உதாரணம். தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமியை (2022-ல் காலமானார்) நினைத்துப் பாருங்கள். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது..." என்று தொடங்கித் தன் பெயரைச் சொல்லும் அந்த ஒரு வரிக்கு அடியில் இசை கிடையாது, எக்கோ கிடையாது, டமால் கிடையாது. ஆனாலும் அந்த வரியைக் கேட்டு வளர்ந்த தலைமுறையில் அதை மறந்தவர்கள் அபூர்வம். ஒழுங்கான உச்சரிப்பும் தினமும் அதே நேரத்தில் வருவதும் சேர்ந்தால் ஒரு குரலே முத்திரையாகிவிடும். இசை பக்கம் போனால் அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் அடையாளம் மொத்தமே மூன்று ஸ்வரம். 1950-ல் அந்த மூன்று ஸ்வரத்தையே சேவைக் குறியீடாகப் பதிவு செய்தார்கள். மூன்று ஸ்வரத்தில் ஒரு நாட்டுக்கே அடையாளம் காட்ட முடியும் என்றால், பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்கு எதற்கு இடியும் மின்னலும்?

மூன்றாவது குற்றச்சாட்டு தொழில்நுட்பம் சார்ந்தது. இந்த அலங்காரமெல்லாம் கேட்பவர் காதுக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

பிட்ச்சை இறக்கி, பாஸ் ஏற்றி, ஸ்டூடியோவில் நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் நெஞ்சு அதிரத்தான் செய்யும். ஆனால் டீக்கடை ரேடியோவிலும் மொபைலிலும் இருப்பது உள்ளங்கையை விடச் சின்ன ஸ்பீக்கர். 100 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் இருக்கும் அந்த உறுமலை அவை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. பாஸைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மூக்கடைத்த மாதிரி ஒரு முணுமுணுப்பு. வார்த்தை புரிவதற்குத் தேவையான மெய்யெழுத்துகளின் ஒலி இருப்பது மேலே, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். பிட்ச்சை இறக்கும்போது அதையும் சேர்த்துத்தான் மழுங்கடிக்கிறார்கள். அதற்கு மேல் எக்கோ போட்டால் ஒரு அசையின் வால் அடுத்த அசையின் தலையில் போய் உட்காரும். ல, ள, ழ மூன்றையும், ன, ண இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய மொழியில் இது எவ்வளவு பெரிய நஷ்டம்! "தொண்ணூறு" என்று சொன்னார்களா "தொள்ளாயிரம்" என்று சொன்னார்களா என்றே தெரியாமல் போனால் அந்தப் பம்பர் எதற்கு?

நாலாவது, திருட்டு. "பத்து வினாடிக்குள் என்றால் காப்பிரைட் பிரச்சினை வராது மச்சி" என்று ஒரு நம்பிக்கை கல்லூரிக்குக் கல்லூரி உலவுகிறது. 1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு வினாடிக் கணக்கே கிடையாது. விமர்சனம், ஆய்வு போன்ற சில காரியங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் தன் நிலையத்தின் பெயருக்கு அலங்காரமாக அடுத்தவர் இசையை வெட்டி ஒட்டுவது அதில் வராது. சட்டத்தை விடுங்கள். ஒரு படத்தின் இசையைக் கேட்டதும் மக்களுக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வரும், நிலையம் வராது. திருடியும் பிரயோஜனமில்லாத திருட்டு இது.

இப்போது ஐந்தாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே பேசுகிறது. கட்டைக் குரல் பையனைக்கூடத் தேட வேண்டாம். எந்த ஊரிலும் பிறக்காத, எந்தத் தெருவிலும் சண்டை போடாத ஒரு குரல் "உங்கள் சமுதாய வானொலி" என்கிறது. யாருடைய சமுதாயம்? பார்வையற்ற ஒருவர் தன் குறிப்பைப் படிக்கவும், பேச முடியாத ஒருவர் தன் மனதைச் சொல்லவும் அந்தத் தொழில்நுட்பம் பெரிய உபகாரம். நூறு பேர் பேசத் தயாராக இருக்கும் ஒரு வளாகத்தில் அவர்களை ஒதுக்கிவிட்டு அதைப் பயன்படுத்துவது சோம்பேறித்தனம்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

பெரிய நகரங்களில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. காரில் போகிறவர் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருப்பார். அவரை ஒரு வினாடியில் பிடித்து நிறுத்த வேண்டிய கட்டாயம் அந்த நிலையங்களுக்கு இருக்கிறது. அந்த வ்வூஷுக்கு அங்கே ஒரு காரணம் உண்டு. ஆனால் கல்லூரி வானொலி அந்தப் பந்தயத்திலேயே இல்லை. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி திறந்துவிடப்பட்டதே பெரிய நிலையங்கள் செய்யாததைச் செய்வதற்குத்தான். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது அந்தப் பகுதி மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும், இயன்றவரை வட்டார மொழியிலும் வழக்கிலும் இருக்க வேண்டும் என்கிறது 2006-ம் வருடக் கொள்கை. நிகழ்ச்சியில் விவசாயியையும் மீனவப் பெண்ணையும் பேசவைத்துவிட்டு, நிலையத்தின் பெயரைச் சொல்ல மட்டும் "கிளாஸான வாய்ஸ்" தேடுவது என்ன நியாயம்? விருந்துக்கு எல்லோரையும் அழைத்துவிட்டு, "வாசலில் நின்று வரவேற்க மட்டும் நீ வேண்டாம், பார்க்க நல்லா இருக்காது" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. "நாளைக்கு இந்த மாணவர்கள் பெரிய எஃப்.எம்.களில்தான் வேலை தேட வேண்டும். அந்த ஸ்டைலைக் கற்றுக்கொண்டால்தானே வேலை கிடைக்கும்?" வேலை முக்கியம். அதைக் கிண்டல் செய்ய யாருக்கும் உரிமையில்லை. ஆனால் எக்கோ பட்டனை அழுத்தத் தெரிந்தவர்களுக்கு எங்கும் பஞ்சமில்லை. அதைப் பத்து நிமிடத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளக் கஷ்டமானது வேறு: ஐந்து வினாடிக்குள் அடங்கும்படி எழுதுவது, இரைச்சல் இல்லாமல் ஒலிப்பதிவு செய்வது, மைக்கைப் பார்த்துப் பயப்படும் ஒருவரை இயல்பாகப் பேசவைப்பது. அலங்காரம் என்னும் போர்வை இல்லாத பம்பரில்தான் இந்த மூன்றும் அம்பலமாகும். அதனால் அதுதான் நல்ல பயிற்சி.

சரி, குறை மட்டும் சொன்னால் போதுமா? எப்படிச் செய்வது என்றும் பார்க்கலாம். செலவு ஏறக்குறைய சுழியம்.

எழுத்து. "தொண்ணூறு புள்ளி நாலு" என்பதில் ஏழு அசை. "சமுதாய வானொலி" என்பதிலும் ஏழு. ஊர்ப்பெயருக்கு நாலு என்று வைத்தால் மொத்தம் பதினெட்டு. நிதானமாகச் சொன்னால் வினாடிக்கு ஐந்து அசை வரும். ஆக மூன்றரை வினாடிக்குச் சற்று மேல். மீதி ஒன்றேகால் வினாடிக்குச் சற்று அதிகமாக இசைக்குக் கிடைக்கும். "இதயங்களை இணைக்கும்", "இளமையின் துடிப்பு" மாதிரியான அடைமொழிகளுக்கு இடமே இல்லை. நல்லதாகப் போயிற்று.

இசை. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். நிமிடத்துக்கு 96 என்ற வேகத்தில் தட்டினால் ஒரு ஆவர்த்தனம் முடிய சரியாக ஐந்து வினாடி. பம்பருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி! முதல் இரண்டு அட்சரம் இசைக்கு, அடுத்த ஆறு குரலுக்கு, முடிவில் சமத்தில் ஒரே ஒரு அடி. மிருதங்கம், பறை, உறுமி, கீபோர்டு, இல்லையென்றால் விடுதி மெஸ்ஸின் எவர்சில்வர் தட்டு, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. வாசிப்பவர் அந்த வளாகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் போதும். அவரிடம் அனுமதி வாங்கினால் காப்பிரைட் தலைவலியும் கிடையாது.

குரல். கேன்டீன் அக்கா, வாட்ச்மேன் தாத்தா, பஸ் கண்டக்டர், கல்லூரி வாசலில் பூக்கட்டுபவர், முதலாம் ஆண்டு மாணவி. ஒரே குரல்தான் வேண்டும் என்று யார் சொன்னது? ஆளுக்கு ஒன்றாகப் பத்துப் பம்பர் செய்து மாற்றி மாற்றிப் போடலாம். அவர்கள் சொல்கிற மாதிரியே விட்டுவிட வேண்டும். "நான்கு" என்று எழுதிக் கொடுத்து, அவர் "நாலு" என்றால் நாலுதான். என்ன காரியத்துக்காகப் பேசவைக்கிறோம், எத்தனை நாள் ஓடும் என்பதை முன்னாலேயே சொல்லி, அவர் சம்மதத்தோடு பதிவு செய்வதும் அவசியம்.

ஒலிப்பதிவு. ஃபேனை நிறுத்த வேண்டும். சுற்றிலும் போர்வை தொங்கவிட்டால் அறையின் எதிரொலி அடங்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் "புள்ளி"யின் பகரக் காற்று மைக்கில் அடிக்காது. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளே போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வெட்டிவிடலாம். குரல் வரும் இடத்தில் இசையை 12 டெசிபல் அளவுக்கு இறக்க வேண்டும், குரல் முடிந்ததும் ஏற்ற வேண்டும். கடைசியாக மோனோவில் ஒரு தடவை கேட்க வேண்டும். எக்கோ பட்டன் பக்கம் கையே போகக்கூடாது.

முடித்ததும் அதை ஆசிரியரிடமோ, ஏற்கெனவே பெரிய எஃப்.எம்.மில் வேலை பார்க்கும் சீனியரிடமோ போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டாம். கல்லூரி வாசலில் இருக்கும் டீக்கடைக்கு எடுத்துப் போய், கடையில் உள்ள ரேடியோவிலோ ஒரு சாதாரண மொபைலிலோ, பாத்திரச் சத்தத்துக்கும் பஸ் ஹார்னுக்கும் நடுவில், ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு, "அண்ணே, இது எந்த ஊர் ரேடியோ?" என்று கேட்க வேண்டும். "சென்னையா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் பம்பர் தோற்றுவிட்டது, மறுபடி ஸ்டூடியோவுக்குப் போக வேண்டியதுதான். "நம்ம ஊருதானே, அந்தக் குரல்கூட கேன்டீன்காரம்மா மாதிரி இருக்கே" என்று சொன்னால், அன்றைக்கே ஒலிபரப்பலாம்.